தாழ்த்திய கார்

1958ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி கலிஃபோர்னியாவில் ஒரு சட்டப்பிரிவு நடைமுறைக்கு வந்தது. மாநில வாகனச் சட்டத்தின் 24008ஆவது பிரிவு. அதன் சாரம் இவ்வளவுதான்: மாற்றியமைக்கப்பட்ட ஒரு காரில், சக்கரங்களைத் தவிர வேறு எந்தப் பாகமும் ரிம்மின் அடி விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது. சமதரையில் காரை நிறுத்தி, ரிம்முக்கு அடியில் ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். அந்த நூலுக்குக் கீழே காரின் ஏதாவது ஒரு பாகம் தொங்கினால் ஓட்டுபவர் குற்றவாளி.

பொறியியல் கண்ணால் பார்த்தால் இது நியாயமான சட்டம். டயர் காற்றிறங்கிப் போனால் கார் ரிம்மின்மேல்தான் நிற்கும். அப்போது சேசியோ ஸ்டீரிங் கம்பியோ தரையில் உரசினால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். அதைத் தவிர்க்க ஒரு எல்லைக்கோடு வேண்டும். ரிம் நல்ல எல்லைக்கோடு. டேப் அளவுகோல்கூடத் தேவையில்லை, கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பிரச்சனையும் அங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதை வைத்து எழுதப்பட்ட சட்டம், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட கண்ணுக்கு ரொம்ப வசதியான சட்டமாகிவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்தச் சட்டத்தைப் பற்றியது, அது தொட்ட முன் சக்கரங்களைப் பற்றியது, கொஞ்சம் நம்ம ஊர் சாகாவைப் பற்றியும்.

ஒரு வினைச்சொல்

'லோவர்ட் கார்' என்று வாயால் சொல்லிவிடலாம். எழுத உட்கார்ந்தால் சிக்கல் வருகிறது. நேராகத் தமிழில் போட்டால் 'தாழ்த்தப்பட்ட கார்'. அப்படி எழுதக் கை வரவில்லை. அந்தச் செயப்பாட்டு வினைக்கு நம்ம மொழியில் தனியாக ஒரு வரலாறு இருக்கிறது. யாரோ ஒருவர் இன்னொருவரைத் தாழ்த்தியதன் வரலாறு. அதைக் கொண்டுபோய் ஒரு காரின்மேல் ஒட்ட முடியாது.

ஆனால் யோசித்துப் பார்த்தால் லாஸ் ஏஞ்சலஸில் நடந்ததைச் சொல்ல இந்த இரண்டு வினைகளும் வேண்டியிருக்கின்றன. தாழ்த்தப்பட்ட மனிதர்கள் சிலர் தங்கள் காரைத் தாங்களே தாழ்த்தினார்கள். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க 'தாழ்த்திய கார்' என்றே எழுதுகிறேன். தாழ்த்தியது யார் என்ற கேள்வி அந்தச் சொல்லில் அப்படியே இருக்கட்டும்.

மெதுவாகப் போவது

1943 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் அமெரிக்கக் கடற்படை வீரர்களும் ராணுவத்தினரும் கூட்டம் கூட்டமாகச் சுற்றி, 'சூட் சூட்' என்ற அகலத்தோள் கோட்டும் தொளதொளக் கால்சட்டையும் போட்ட மெக்சிக வம்சாவளி இளைஞர்களைப் பிடித்து அடித்தார்கள். உடைகளைக் கிழித்தார்கள். வரலாற்றில் அதற்கு 'சூட் சூட் கலவரம்' என்று பெயர். அடித்தவர்களின் பெயரால் அல்ல, அடி வாங்கியவர்களின் உடையால் அது அறியப்படுவது கவனிக்க வேண்டிய விஷயம்.

போர் முடிந்த பிறகு அதே வட்டாரங்களில் பையன்கள் கார் வாங்க ஆரம்பித்தார்கள். புதிய கார் அல்ல. பத்து, பதினைந்து வருடம் ஓடிய பழைய செவ்ரலே. அதே காலத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவின் வெள்ளையின இளைஞர்கள் பலரும் பழைய ஃபோர்டுகளை வாங்கிப் பிரித்து, எடை குறைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப்பந்தயம் விட்டார்கள். அதுதான் 'ஹாட் ராட்'. மெக்சிக வம்சாவளிப் பையன்கள் நேரெதிராகச் செய்தார்கள். காரைக் கனமாக்கினார்கள். பின்பக்கம் மணல் மூட்டை, சிமெண்ட் மூட்டை ஏற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினார்கள். பிறகு ஸ்பிரிங்கை வெட்டினார்கள், சூடு காட்டித் தளர்த்தினார்கள். நகர வீதியில் ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டிப் போனார்கள். காரைத் தாழ்த்தியவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று சொல்ல முடியாது. வெள்ளையினக் கஸ்டம் கார்க்காரர்களும் தாழ்த்தினார்கள். ஆனால் தாழ்வையும் மெதுவையும் சேர்த்துத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டவர்கள் இவர்கள்தான். தாழ்வாக, மெதுவாக என்பதே அவர்களுடைய வாசகம்.

வேகமாகப் போகிறவன் பார்ப்பவர்களைக் கடந்து போய்விடுகிறான். மெதுவாகப் போகிறவன் தன்னைப் பார்க்க வைக்கிறான். 1943இல் உடைக்காக அடி வாங்கிய ஒரு சமூகம், அடுத்த பத்து வருடத்தில் இன்னும் பெரிதாக, இன்னும் பளபளப்பாக, இன்னும் மெதுவாகத் தெருவில் வந்து நின்றது என்றால் அதை வெறும் கார் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது.

முன் சக்கரம் ஏன் சிக்கலானது

காரைத் தாழ்த்துவது சுலபம். தாழ்த்திய காரை நேராக ஓட வைப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டம் முழுக்க முன் சக்கரங்களில் இருக்கிறது. பின் சக்கரத்துக்குத் திரும்பும் வேலை கிடையாது. முன் சக்கரம் உருள வேண்டும், திரும்ப வேண்டும், மேடு பள்ளத்தில் ஏறி இறங்க வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்.

திரும்புவதன் கணக்கு காருக்கு முந்தியது. குதிரைவண்டிக் காலத்தில் முன் அச்சு முழுவதும் நடுவில் ஒரு ஆணியில் திரும்பும். வேகமாகத் திருப்பினால் வண்டி குடை சாயும். ம்யூனிக்கைச் சேர்ந்த வண்டி செய்பவர் கேயார்க் லாங்கென்ஷ்பெர்கர் இதற்கு வழி கண்டார். அச்சு அசையாமல் இருக்க, இரண்டு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியாகத் திரும்பும். வளைவின் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பும். 1818இல் லண்டனில் இதற்கு அவர் சார்பில் காப்புரிமை வாங்கிக்கொடுத்தவர் ருடால்ஃப் ஆக்கர்மன். இந்த இதழின் வாசகர்களுக்குப் பிடிக்கும் தகவல்: ஆக்கர்மன் இஞ்சினியர் அல்ல, புத்தகமும் அச்சோவியமும் வெளியிட்ட பதிப்பாளர். இன்றைக்கும் உலகத்துப் பாடப்புத்தகங்கள் எல்லாம் இதை 'ஆக்கர்மன் ஸ்டீரிங்' என்றே சொல்கின்றன. செய்தவர் பெயர் போய்ப் பதிப்பித்தவர் பெயர் நின்றது. எழுத்துலகத்தில் இதற்கு நேர்மாறாகத்தான் நாம் பார்த்திருக்கிறோம்.

பிறகு வந்தவை மூன்று கோணங்கள். எலைன்மெண்ட் கடையில் திரையில் சிவப்பும் பச்சையுமாக எரிவது இவைதான்.

கேம்பர்: காரை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா, வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பது. உள்பக்கம் சாய்ந்தால் நெகட்டிவ்.

காஸ்டர்: பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது, சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு பின்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் பாருங்கள். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம்.

டோ: மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் மூக்கும் ஒன்றையொன்று பார்க்கின்றனவா, விலகுகின்றனவா என்பது. நாம் நிற்கும்போது பாதங்களை வைக்கிற மாதிரிதான்.

மூன்றில் டோதான் டயரின் எமன். ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு சக்கரம் போக வேண்டிய திசையிலிருந்து 1 டிகிரி விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது பக்கவாட்டில் சுமார் 17 மீட்டர் தேய்த்து இழுக்கப்படுகிறது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போய்ச் சேர்வதற்குள், அதாவது ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்குள், அந்த டயர் மூன்று கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் அரைபட்டிருக்கும். கண்ணால் பார்த்தால் 1 டிகிரி தெரியவே தெரியாது.

1934ம் இம்பாலாவும்

1930களின் ஆரம்பம் வரை பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகள்தான். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் இன்னொன்றும் சாயும். குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கம் முழுவதும் உதற ஆரம்பிக்கும். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த மாரிஸ் ஆலி இதை எடுத்து ஆராய்ந்தார். எடைகளை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கக்கூடிய ஒரு சோதனைக் காரைச் செய்து, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தார். 1934 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் தனித்தனியாக ஏறி இறங்கும் முன் சக்கரங்களைக் கொண்டுவந்தது.

அதில் நிலைத்துப்போன வடிவம், மேலே ஒரு குட்டை ஆர்ம், கீழே ஒரு நீண்ட ஆர்ம். இரண்டும் ஏன் ஒரே நீளம் இல்லை? சக்கரம் மேலே ஏறும்போது குட்டை ஆர்ம் சின்ன வட்டத்தில் சுழல்வதால் சக்கரத்தின் தலையைச் சீக்கிரம் உள்ளே இழுக்கும். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது டயர் நிமிர்ந்து நிற்க அது உதவும். அழகான கணக்கு. ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் கார் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் நிற்கும் என்று நம்பிப் போட்டது. அந்த உயரத்தை மாற்றினால் எல்லாக் கோணமும் மாறும். ஸ்பிரிங்கை வெட்டுகிறவன் ஸ்பிரிங்கை மட்டும் வெட்டவில்லை.

1958இல், சட்டம் வந்த அதே வருடத்தில், செவ்ரலே 'இம்பாலா' பெயர் வந்தது. அதன் சேசி எக்ஸ் எழுத்து மாதிரி நடுவில் குவிந்திருக்கும். இரு பக்கமும் ஓரக் கட்டைகள் கிடையாது. நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங். தாழ்த்துவதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. 1964 வரை அந்தச் சேசிதான். இன்றைக்கும் லோ ரைடர் என்றால் படத்தில் வருவது பெரும்பாலும் அந்த வருடங்களின் இம்பாலாதான்.

அபராதச் சீட்டுக்கு ஒரு பதில்

கார் தாழ்ந்தால் குற்றம், தாழாவிட்டால் அது அவர்கள் கார் இல்லை. இந்த இடுக்கில் ஒரு கண்டுபிடிப்பு பிறந்தது. ரான் அகீர்ரே என்ற கஸ்டம் கார்க்காரர் 1959 வாக்கில் தன் கொர்வெட் காரில் ஹைட்ராலிக் பம்புகளையும் வால்வுகளையும் பொருத்தினார். பம்புகள் போர்விமான உபரிக் கடைகளில் மலிவாகக் கிடைத்தவை. இறக்கைத் தட்டுகளை அசைக்கச் செய்தவை இப்போது காரின் உயரத்தை மாற்றின. ஒரு ஸ்விட்சைத் தட்டினால் கார் சட்டப்படியான உயரத்துக்கு எழும்பும். போலீஸ் போனபிறகு மறுபடி இறங்கும்.

இதைத் தந்திரம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். பொறியியலாகப் பார்த்தால் இது ஆலியின் கேள்விக்குப் புதிய வடிவம். ஆலிக்கு ஒரே உயரம்தான். இவர்களுக்கு ஒரே காரில் இரண்டு உயரம், பிறகு எத்தனையோ உயரங்கள். முன்பக்கத்தைப் பழைய மாதிரியே வைத்திருந்தால் காரை முழுக்கத் தூக்கியதும் சக்கரங்களின் தலை உள்ளே கவிழ்ந்து நிற்கும். அதற்காக மேல் ஆர்மை வெட்டி, ஒரு அங்குலம்போல நீட்டி, மறுபடி வெல்டிங் வைத்தார்கள். ஆர்ம் பொருந்தும் இடத்தில் மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் கேம்பரையும் காஸ்டரையும் சரிசெய்தார்கள். குதிக்கும் கார்களுக்குச் சேசியில் தகடு வைத்து வலுவேற்றினார்கள். வீட்டு வாசலில், வார இறுதியில், தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்து உருவான அறிவு அது. 1977இல் சான் ஹோஸே நகரின் மாணவர்கள் சிலர் 'லோ ரைடர்' என்று ஒரு பத்திரிகையே ஆரம்பித்தார்கள். அந்த அறிவு அச்சில் ஏறியது.

சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. 1980களிலிருந்து நகரங்கள் பல, ஒரே தெருவில் திரும்பத் திரும்ப மெதுவாகக் கார் ஓட்டுவதையே தடைசெய்தன. தாழ்வு ஒரு குற்றம், மெது இன்னொரு குற்றம்.

ஒற்றைத் தூண்

இனி நம்ம ஊர். அதற்கு முன்னால் ஒருவரைச் சந்தித்துவிட்டு வரவேண்டும்.

எர்ல் மெக்ஃபர்சன் 1891இல் இலினாய்ஸில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜெனரல் மோட்டார்ஸ் அவரிடம் ஒரு சின்னக் காரைச் செய்யச் சொன்னது. பெயர் 'கேடட்'. 1000 டாலருக்குள் விற்க வேண்டும். குட்டை ஆர்ம் நீண்ட ஆர்ம் எல்லாம் அந்த விலைக்குக் கட்டாது. அவர் மேல் ஆர்மைத் தூக்கிப் போட்டார். ஸ்பிரிங்கையும் அப்சோர்பரையும் ஒரே தூணாக்கி, அந்தத் தூணையே சக்கரத்தின் மேல் பிடிமானமாக்கினார். கீழே மட்டும் ஒரு ஆர்ம். திட்டம் 1947இல் கைவிடப்பட்டது. மெக்ஃபர்சன் ஃபோர்டுக்குப் போனார். அவருடைய தூண் முதலில் பிரான்சின் ஃபோர்டு வெடெட் காரிலும், 1950 லண்டன் கண்காட்சியில் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரிலும் வந்தது. அவர் 1960இல் இறந்தார். அதற்குப் பிறகுதான் முன்சக்கர இயக்கமுள்ள சின்னக் கார்கள் உலகத்தை நிறைத்தன. இஞ்சினைக் குறுக்காக வைக்க இடம் வேண்டும். மேல் ஆர்ம் இல்லாத அந்தத் தூண் இடம் கொடுத்தது.

1985 ஜூலை 9ஆம் தேதி புரோட்டோன் சாகா அறிமுகமானது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காரை அடிப்படையாகக் கொண்டது. முன்பக்கம் மெக்ஃபர்சன் தூண். ஆக, விலை கட்டாமல் ஒரு அமெரிக்கக் கம்பெனி கைவிட்ட காரின் யோசனை, ஜப்பான் வழியாக ஷா ஆலாம் வந்து, மலேசியர்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு காராக நின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வெளியேறிய குடும்பங்கள் தாமானிலும் அடுக்குமாடியிலும் குடியேறிய காலமும் ஏறக்குறைய இதுதான். எனக்குத் தெரிந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் சொந்தப் பெயரில் வந்த முதல் பெரிய பொருள் வீடு இல்லை, ரெண்டாங்கையாக வாங்கிய ஒரு சாகா. அப்பா அதைத் தொழிற்சாலை உயரத்தில் ஓட்டினார். மகன் கையில் சாவி வந்ததும் ஸ்பிரிங் வெட்டப்பட்டது.

வெட்டினால் என்ன ஆகும்? காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர் எதிர். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் 20 சதவீதம் விறைப்பாகிறது. கார் இறங்கியும் விட்டது, விறைப்பாகவும் ஆனது; பையனுக்கு ரெண்டும் சந்தோஷம். ஆனால் அப்சோர்பர் பழைய ஸ்பிரிங்குக்கு அளந்து செய்தது, அது திணறும். மேட்டில் ஏறி இறங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவலாம். இதைவிட நுட்பமான இன்னொன்று இருக்கிறது. மெக்ஃபர்சன் தூண் உள்ள காரை ரொம்ப இறக்கினால் கீழ் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேல்பக்கமாகச் சாய்ந்துவிடும். அப்போது ரோல் சென்டர், அதாவது வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, கார் இறங்கியதைவிட வேகமாக இறங்கும். காரின் எடைமையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம் கூடும். சாயாமல் இருக்கத்தான் காரை இறக்கினோம். ஓர் அளவைத் தாண்டினால் சாய வைக்கும் விசை அதிகமாகிறது. டை ராட் ஒரு கோணத்தில், ஆர்ம் இன்னொரு கோணத்தில் ஆடுவதால், ஒவ்வொரு மேட்டிலும் டோ தானாக மாறி ஸ்டீரிங்கைப் பிடித்து இழுக்கும்.

தரையில் நிற்க வைத்து

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தேன். சஸ்பென்ஷன் அங்கே அதிர்வியல் பாடத்தில் ஒரு எடை, ஒரு ஸ்பிரிங், ஒரு டாம்பர் என்று கரும்பலகையில் வந்துபோனது. ஆர்ம், புஷ், பால் ஜாயிண்ட் எல்லாம் எனக்குத் தெரிந்தது ஒரு பெங்கெலில். அங்கே இருந்த போமன் ஆறாம் வகுப்போடு நிறுத்தியவர். தாழ்த்திய கார்களின் முன்பக்கத்தைப் பிரித்து மறுபடி கட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவரைத்தான் தேடி வருவார்கள்.

அவருடைய வரிசை மாறவே மாறாது. முதலில் பிரித்துப் பார்ப்பார். பால் ஜாயிண்ட்டைக் கையால் ஆட்டுவார். டை ராட் முனையை ஆட்டுவார். ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடிப்பார். தூணின் மேல் மவுண்ட்டை ஒருவனை ஸ்டீரிங் திருப்பச் சொல்லிக் கைவைத்துப் பார்ப்பார். தேய்ந்ததை எல்லாம் மாற்றிய பிறகுதான் எலைன்மெண்ட். "ஆடுற பல்லுக்கு கிளிப் போட முடியுமா தம்பி?" என்பார். ஜாயிண்ட் ஆடினால் மிஷினில் வரும் எண், வண்டி கடையை விட்டு வெளியேறும் வரைக்கும்தான்.

அவரிடம் கற்ற ஒன்று எந்த விரிவுரையிலும் வரவில்லை. கீழ் ஆர்மின் புஷ் என்பது இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒட்டிய ரப்பர். அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். காரை ஜாக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வுநிலை. காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஓடும்போது இன்னும் முறுக்கும். சில மாதத்தில் கிழியும். தாழ்த்திய காரில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

"தொங்கவிட்டுட்டு இறுக்காதீங்க தம்பி. லூசா மாட்டி, கீழ இறக்கி, நாலு தடவ அமுக்கி விடுங்க. அது எங்க நிக்கப் போவுதோ அங்க நின்னதுக்கு அப்புறம் இறுக்குங்க."

சாதாரணமாகச் சொன்னார். ஆலியின் கணக்கும் மெக்ஃபர்சனின் கணக்கும் சேர்ந்து வந்து நிற்கும் இடம் அது. எந்த உயரத்தில் இறுக்குகிறோமோ அந்த உயரத்தைத்தான் புஷ் ஞாபகம் வைத்திருக்கும்.

பிறகு எலைன்மெண்ட். சாகா மாதிரியான பெரும்பாலான சின்னக் கார்களில் தொழிற்சாலை கொடுத்திருப்பது டோவைத் திருத்தும் வசதி மட்டும்தான். தாழ்த்தியதால் கூடிய நெகட்டிவ் கேம்பரைக் குறைக்க, தூணும் நக்கிளும் சேரும் இடத்தில் மையம் விலகிய போல்ட் போடலாம். இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஸ்பிரிங் அமர்ந்ததும், மறுபடி பார்க்க வேண்டும். மிஷின் இல்லாதபோது அவர் காரின் இரு பக்கமும் நூல் கட்டி டோ எடுப்பார். மிஷினோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், வித்தியாசம் பெரிதாக இருக்காது.

எதை அளப்பது

எல்லாத் தாழ்த்திய கார்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. கேஸ் டார்ச்சில் சூடு காட்டிய ஸ்பிரிங்கோடு நெடுஞ்சாலையில் 140இல் போகிறவன் தன்னை மட்டும் கொல்வதில்லை, பக்கத்து லேனில் குழந்தையோடு போகிறவரையும் சேர்த்துத்தான் கொல்கிறான். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது, அதற்கு முந்தைய 1959ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன, சாலைப் போக்குவரத்து இலாகா இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஜப்பானில் தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் குறைந்தது 9 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி. அதுவும் நல்ல விதி.

ஆனால் உயரம் மட்டுமே பாதுகாப்பு இல்லை. பால் ஜாயிண்ட் கழன்று சக்கரம் மடிந்து விழும் கார் தொழிற்சாலை உயரத்திலேயே இருக்கலாம். பக்குவமாகப் பிரித்துக் கட்டி, சரியான ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் போட்டு, அளவாக இறக்கி, கோணம் எடுத்த கார் அதைவிடப் பத்திரமாக ஓடும். சாலைத்தடுப்பில் நிற்பவரின் கண்ணுக்கு இரண்டாவது கார்தான் முதலில் தெரியும். அதில் இருக்கும் நாலு பையன்களின் முகமும் நிறமும் அடுத்துத் தெரியும். பால் ஜாயிண்ட் தெரியவே தெரியாது. அப்படி இறக்கி நிறுத்தப்பட்ட கார்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். டார்ச் வெளிச்சம் சக்கரத்தைவிட முகத்தில்தான் அதிக நேரம் இருக்கும்.

கலிஃபோர்னியா இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள 65 வருடம் எடுத்தது. 2023 அக்டோபரில் ஒரு மசோதா கையெழுத்தானது. 2024 ஜனவரி 1 முதல் 24008ஆவது பிரிவு நீங்கியது. மெதுவாகச் சுற்றுவதைத் தடைசெய்யும் அதிகாரமும் நகரங்களிடமிருந்து போனது. அதற்கு வெகுமுன்பே, 1990இல், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் நியூ மெக்ஸிகோவின் சிமாயோ ஊரிலிருந்து 'டேவின் கனவு' என்ற ஒரு தாழ்த்திய காரை வாங்கிச் சேர்த்துவிட்டது. 1969 ஃபோர்டு எல்டிடி. அதைக் கட்ட ஆரம்பித்த டேவிட் ஹராமியோ 1978இல் விபத்தில் இறந்துபோனார். குடும்பத்தாரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து முடித்தார்கள்.

நம்ம தேசிய அருங்காட்சியகத்திலும் முதல் சாகா இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்திலேயே நிற்கிறது. அது ஒரு தேசம் தன்னைப்பற்றிச் சொல்ல விரும்பிய கதை, அதில் தவறில்லை. அந்தக் காரை வாங்கிய மக்கள் அதற்கு என்ன செய்தார்கள் என்ற கதைக்கு இங்கே இன்னும் ஒரு மூலை கிடைக்கவில்லை. எந்தத் தாமானில் யார் ஸ்பிரிங் வெட்டினார், யாரிடம் கற்றார், எந்த போமன் நூல் கட்டி டோ எடுத்தார், பழைய சாகாவின் புஷ் கிடைக்காமல் போனபோது எதைக் கடைந்து போட்டார் என்பதெல்லாம் இன்னும் வாய்ப்பேச்சில்தான் இருக்கிறது. லாங்கென்ஷ்பெர்கருக்குக் குறைந்தபட்சம் ஒரு பதிப்பாளர் கிடைத்தார்.

அந்த போமனுக்கு இப்போது அறுபத்தைந்து வயதாகிறது. முழங்கால் வலியால் காருக்கு அடியில் படுப்பதில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பையன்களுக்குச் சொல்கிறார். நான் சனிக்கிழமைகளில் போய் அவர் சொல்வதைப் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை பால் ஜாயிண்ட் வரைக்கும் வந்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். போய்க் கேளுங்கள்.